ஏரா எங்கே இருக்கிறது?

இரண்டு வருடத்துக்கு முன்னால், கடலோர ஊர் ஒன்றில் ஒரு சின்ன மருத்துவமனையின் சர்வரைப் பார்த்துவிட்டு, ஆய்வுப் படிவத்தில் 'ஆயுள் முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் அவர்கள் புதுசு வாங்கினார்கள், பழையதை எடைக்குப் போட்டார்கள். அந்த இயந்திரத்துக்கு உண்மையில் என்ன ஆகியிருந்தது என்றால், உப்புக் காற்று பட்டுப் பட்டு இரண்டு விசிறிகள் இறுகிப் போயிருந்தன, பவர் சப்ளை ஒன்றின் செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. போர்டு நன்றாக இருந்தது. மெமரி நன்றாக இருந்தது. ஆனால் தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கு ஆதரவை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் படிவத்தில் இதையெல்லாம் எழுதுவதற்கு இருந்தது 'ஆயுள்' என்ற ஒரே ஒரு கட்டம். முடிந்தது என்று எழுதினேன், அடுத்த ஊருக்குப் பஸ் பிடித்தேன். அன்றைக்கு அது தப்பாகவே படவில்லை.

உறுத்த ஆரம்பித்தது இந்த வருடம்தான், அதற்குக் காரணம் ஒரு வேலை. மதுரையில் நண்பர் ஒருவர் ஐடிஐ முடித்த பிள்ளைகளுக்கு சர்வர் பழுதுபார்க்கும் பயிற்சி நடத்துகிறார். சர்வர்களுக்கான சுற்றுச்சூழல் தரங்களைப் பற்றி ஒரு பாடம் வைக்கிறேன், எந்தத் தரத்தை எடுத்தாலும் முதலில் வருவது வரையறைகள்தானே, அதை மட்டும் நீங்கள் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றார். நாற்பது சொல் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/424 விதிமுறை, அமெரிக்காவின் மின்சிக்கனக் குறியீடான எனர்ஜி ஸ்டார், சுற்றுச்சூழலுக்கு உகந்த கருவிகளின் பட்டியலான எப்பீட் அடிப்படையாக எடுத்துக்கொண்ட என்எஸ்எஃப்/ஏஎன்எஸ்ஐ 426, நம் நாட்டின் 2022 மின்கழிவு விதிகள், இவற்றிலிருந்து எடுத்த சொற்கள். பதினைந்து வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவள், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்து வாங்கிக்கொண்டு ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்துக்கு வந்தேன். ஐந்து வாரம் ஆனது.

வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாள்தான் கரையில் மரவேலைக்கு நேரம். சித்தப்பா ஓடாவி, மரப்படகு கட்டுகிற தச்சர். வயது எழுபதைத் தாண்டியும் இந்த இரண்டு மாதம் அவரை வீட்டில் பார்க்க முடியாது. கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் படகுகளுக்கு அடியில் உட்கார்ந்து பலகை மாற்றிக்கொண்டோ, பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடிக்கிறவர்களை ஏதாவது சொல்லிக்கொண்டோ இருப்பார். மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நான் போவேன், கூடவே என் தாள்களும் போகும். நாற்பது சொல்லில் பாதிக்கு மேல் அந்தப் படகுகளின் நிழலில் உட்கார்ந்து எழுதியவை.

சர்வர் என்றால்

முதல் சொல்லிலேயே மூன்று நாள் போனது. சர்வர் என்ற சொல் எங்கள் ஊரில் தெரியாத ஆள் கிடையாது. ரேஷன் கடையில், இ-சேவை மையத்தில், எங்கே போனாலும் காதில் விழுவது "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க". சித்தியிடம் சர்வர் என்றால் என்னவென்று கேட்டேன். "எங்கேயோ இருக்கு. எல்லாரும் அதைத்தான் கேக்கணும். அது பதில் சொன்னாத்தான் இங்க அரிசி" என்றார். ஐரோப்பிய விதிமுறையின் வரையறையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: மற்றக் கருவிகளுக்குச் சேவை தருவது, நெட்வொர்க் வழியாகவே பெரும்பாலும் அணுகப்படுவது, நேராக விசைப்பலகையைத் தட்டி வேலை வாங்கும் இயந்திரம் இல்லை. சித்தி சொன்னதில் எதையும் நான் திருத்தவில்லை, அப்படியே முதல் வரியாக வைத்துக்கொண்டேன்.

தமிழ்ச் சொல் எது வைப்பது என்பதில் இழுபறி. 'சேவையகம்' என்று எழுதினால் இங்கே எல்லோருக்கும் இ-சேவை மையம்தான் ஞாபகம் வரும். 'வழங்கி' நல்ல சொல், ஆனால் அந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லப் போவதில்லை. எங்கள் கடற்கரையில் தெப்பம் கட்டி வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசிக்குப் பெண்கள் வைத்த பெயர் பெப்சி பாசி, அந்த நிறுவனம் கொண்டுவந்த பாசி என்பதால். நிறுவனம் அந்தத் தொழிலை விட்டுப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பெயர் போகவில்லை. கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்று மற்றப் பாசிகளுக்கெல்லாம் அழகான பெயர் இருக்கும்போது இது மட்டும் இப்படி. ஒரு பொருளைக் கையில் எடுத்து வேலை செய்கிறவர்கள் வைக்கிற பெயர்தான் ஒட்டும் என்று நம்புகிறேன். சர்வர் என்றே எழுதினேன்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் எல்லைக்கோடு. அந்த விதிமுறையின்படி சர்வர் என்றால் பிழைதிருத்தும் ஈசிசி மெமரியையோ பஃபர் மெமரியையோ ஏற்க வேண்டும், பவர் சப்ளையோடு விற்கப்பட வேண்டும், எல்லாப் பிராசசரும் ஒரே நினைவகத்தைப் பகிர வேண்டும். பிராசசர் பொருத்துகிற சாக்கெட் நான்குக்கு மேல் இருப்பதை விதிமுறை விட்டுவிடுகிறது, ஒரே வேலைக்கென்று மூடி விற்கிற அப்ளையன்ஸ் பெட்டிகளையும் விட்டுவிடுகிறது. நான் போகிற அலுவலகங்களில் பாதி இடத்தில் 'சர்வர்' என்று துணி போட்டு மூடி வைத்திருப்பது சாதாரண மேசைக் கணினி. ஊரே அதை நம்பி நடக்கும், ஆனால் வரையறைக்குள் வராது. வராவிட்டால் என்ன என்று கேட்கலாம். சர்வர்களுக்கென்று அந்த விதிமுறை தருகிற எந்த உறுதியும், பிரித்துப் பழுதுபார்க்க வழி வேண்டும் என்பது உட்பட, அந்தக் கணினிக்குக் கிடையாது. முன்பு சங்கு குளிக்கிறவர்கள் கொண்டுவந்த சங்கை மீன்வளத்துறை ஒரு வளையத்தில் விட்டுப் பார்க்கும், வளையத்தில் நுழைந்துவிட்டால் அது சின்னது, கடலுக்கே திரும்பப் போகும். வரையறையும் அப்படி ஒரு வளையம்தான். ஆனால் சங்குக்கு வளையம் வைத்தது சின்னதைக் காப்பாற்ற. இங்கே வளையத்தில் நிற்கிற பெரியதுக்குத்தான் காப்பு, சின்னதுக்கு இல்லை.

சும்மா

சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, இயக்க மென்பொருள் எல்லாம் ஏறித் தயாராக இருக்கிறது, கேட்டால் அந்த நொடியே வேலை செய்யும், ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. தரங்களில் இந்த நிலைக்குத் தனியாக வரையறை உண்டு, இந்த நிலையில் இயந்திரம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதற்கு உச்சவரம்பும் உண்டு. இதற்கு என்ன சொல் வைக்கலாம் என்று கரையில் கேட்டேன். உதவிக்கு நின்ற பையன், "சும்மா கெடக்குன்னு எழுதுங்கக்கா" என்றான். நானும் தாளில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன், ரொம்பப் பொருத்தமாகத் தோன்றியது. சித்தப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு, "வலைய விட்டுட்டு விடியுற வரைக்கும் முழிச்சுக் கெடக்குறானே, அவன் சும்மாவா கெடக்கான்?" என்றார்.

அடித்துவிட்டேன். சும்மா என்று எழுதினால் அதற்குச் செலவே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. 2007இல் கூகுள் பொறியாளர்கள் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேவும் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள்: சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீத அளவில்தான் வேலை செய்கின்றன, நல்ல சிக்கனமான சர்வர்கூட ஒன்றுமே செய்யாதபோது முழு மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு இயந்திரங்கள் எவ்வளவோ தேறியிருக்கின்றன, ஆனால் நான் போகிற மருத்துவமனைகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு சீட்டுகூடப் பதிவாகாது, சர்வர் விடிய விடிய ஓடும். இந்த மாவட்டத்து சர்வர்களின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புத்தான். காத்திருப்பு என்று மட்டும் எழுதினால் தூக்க நிலையில் கிடப்பதும் அதில் சேர்ந்துவிடும், அதனால் 'ஆயத்தக் காத்திருப்பு' என்று வைத்தேன். வலை விட்டவனின் காத்திருப்பு, படுத்துத் தூங்குகிறவனுடையது இல்லை.

இதே ஓட்டத்தில் பவர் சப்ளையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் இதில் யாரையும் எளிதாக அசத்திவிடுவார்கள். 80 பிளஸ் என்ற தரக்குறியீட்டில் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் வரை பவர் சப்ளையின் திறனைப் பார்ப்பது 20, 50, 100 சதவீதச் சுமைகளில். 10 சதவீதத்திலும் பார்ப்பது அதற்கு மேலே டைட்டானியத்தில்தான் தொடங்குகிறது. ஐரோப்பிய விதிமுறையிலும் ஒற்றை வெளியீட்டு பவர் சப்ளைக்கு 10 சதவீதச் சுமையில் 90 சதவீதத் திறன் வேண்டும் என்பது 2023 ஜனவரியில்தான் வந்தது. நம் ஊர் அலுவலகத்தில் சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை, ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று. ஏற்கெனவே வேலை குறைவு, அந்தக் குறைந்த சுமையையும் இரண்டும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும், ஆளுக்குப் பத்து சதவீதம்கூட வராது. பெட்டியில் ஒட்டியிருக்கிற தங்கக் குறியீடு அளந்த இடத்தில் நம் இயந்திரம் ஒருநாளும் ஓடுவதே இல்லை.

இரண்டு பக்கச் சூழல்

ஒரு சொல் எனக்கு எதிர்பாராத இடத்தில் தடுக்கியது. சூழல். இந்தத் தரங்கள் எல்லாவற்றிலும் சூழல் என்றால் சர்வரால் பாதிக்கப்படுகிற காற்று, தண்ணீர், மண். நான் பார்க்கிற வேலையில் சூழல் என்றால் சர்வரைப் பாதிக்கிற காற்று. தங்கச்சிமடத்தில் வீட்டு ஜன்னல் கம்பியைக் கையால் தடவினாலே துரு உதிரும். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் இருந்து 2022 வரை ரயிலைத் தாங்கியது என்றால், இந்தப் பக்கம் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் உரிந்துவிடும் என்று சொல்கிற அளவுக்கு விடாமல் அடித்ததால்தான். சர்வருக்கும் இதற்கு ஒரு அளவு உண்டு. ஐஎஸ்ஏ 71.04 என்ற தரத்தில், அறையில் ஒரு செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் ஒரு மாதம் வைத்து எடுப்பார்கள். செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாகவும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) வெள்ளியில் 200க்குக் குறைவாகவும் அரிப்பு ஏறியிருந்தால் அந்த அறையின் காற்றால் மின்னணுக் கருவிக்குப் பயம் இல்லை, ஜி1 வகை. மாவட்டம் முழுக்க ஒரு சின்ன அலுவலகத்திலும் அந்தத் தகடு தொங்கி நான் பார்த்ததில்லை. ஏசி வேண்டாம், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விட்டுக் குளிர்வித்தால் மின்சாரம் மிச்சம் என்று பசுமை வழிகாட்டிகள் சொல்லும், பல ஊருக்கு அது நல்ல யோசனைதான். கடலோரத்தில் இருக்கிற மண்டபம் ஊரில் அதைச் செய்தால் மிச்சம் பிடித்த மின்சாரத்துக்கு விலையாக போர்டையே கொடுக்க வேண்டிவரும். எங்கள் கரைக்கு எழுதுகிறபோது சூழல் என்ற சொல்லுக்கு இரண்டு வரையறை வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பிரிப்பதும் உடைப்பதும்

சில சொற்களுக்குத் தமிழ் தயாராகவே காத்திருந்தது. திரும்ப மாட்டி ஓட்டுகிற மாதிரிக் கழற்றுவது ஒன்று, திரும்ப மாட்ட முடியாதபடி உள்ளே இருப்பதை எடுப்பதற்காகக் கழற்றுவது இன்னொன்று. இரண்டையும் வேறுபடுத்த ஐரோப்பியத் தர நூல்கள் நீண்ட வாக்கியம் எழுதுகின்றன. கரையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எஞ்சினைப் 'பிரிச்சு மாட்டுவார்கள்', முடிந்துபோன படகை 'உடைப்பார்கள்'. பிரித்தல், உடைத்தல். 2019/424 விதிமுறை கேட்பது முதலாவதைத்தான்: டிரைவ், மெமரி, பிராசசர், மதர்போர்டு, பவர் சப்ளை, சேஸிஸ், பேட்டரி போன்ற பாகங்களைப் பழுதுபார்க்கவோ மறுபடி பயன்படுத்தவோ பிரிக்க முடியாதபடி ஒட்டியோ பூட்டியோ வைக்கக்கூடாது. நம் 2022 விதிகளில் புதுப்பித்தல் என்பதற்கு, முதலில் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதே வேலைக்கு ஆயுளை நீட்டிக்கும்படி பழுதுபார்த்து, சந்தையில் விற்பது அல்லது உரிமையாளரிடமே திருப்பிக் கொடுப்பது என்று பொருள். 'உரிமையாளரிடமே திருப்பிக் கொடுப்பது' என்று படித்தபோது அந்த மருத்துவமனை நினைவுக்கு வந்தது. அது என் கையில் இருந்த வழி. விசிறி இரண்டும் பவர் சப்ளை ஒன்றும் மாற்றி அவர்களிடமே கொடுத்திருக்கலாம். நான் பிரிக்க வேண்டியதை உடைப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

டிரைவ்களைக் கேட்கவே வேண்டாம், நோயாளிகளின் விவரம் இருக்கிறது என்று துளையே போட்டுவிட்டார்கள். தகவலைப் பாதுகாப்பாக அழிப்பதற்கான வசதி இயந்திரத்தோடு கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிமுறை சொல்கிறது. 'ஒரு குறிப்பிட்ட அளவு முயற்சியில்' பழைய தகவலை மீட்க முடியாதபடி முழுவதுமாக மேலெழுதுவது என்பது அதன் வரையறை. அந்த 'குறிப்பிட்ட அளவு முயற்சி' என்ற தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. முடியவே முடியாது என்று பெரிய வாக்குக் கொடுக்காமல், யாரிடமிருந்து எவ்வளவு தூரம் காக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்கிறது. அப்படி அழித்துக் காட்டியிருந்தால் துளை போட வேண்டிய அவசியம் வந்திருக்காது.

யார் சொன்னா?

நாற்பதில் முப்பத்தொன்பது முடிந்து கடைசியாக நின்றது 'ஆயுள் முடிவு'. அகராதி பார்த்து எழுதுகிற சொல் இல்லை, நானே கையெழுத்துப் போட்ட சொல். ஒரு வாரம் அதைத் தொடவில்லை. சாப்பாட்டு வாளியோடு போய் உட்கார்ந்து சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம், சித்தப்பாவே கேட்டார், "என்ன தாயி, எழுத்து ஓடலையா?" முழுக் கதையையும் சொன்னேன். மருத்துவமனை, விசிறி, களிம்பு, படிவம், எல்லாம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "முடிஞ்சதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

"கம்பெனி சொன்னாங்க. ஆதரவை நிறுத்திட்டாங்க."

"எஞ்சின் செஞ்ச கம்பெனிக்காரன் கடைய மூடிட்டுப் போயிட்டான்னா படகக் கரையில விட்டுருவோமா?"

கையைக் கழுவிவிட்டு என்னைப் படகுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனார். சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காட்டினார், நல்ல பலகை ஒரு மாதிரி ஒலிக்கிறது, உளுத்தது பொத்தென்று அமுங்கிப்போகிறது. இருபது வருடத்தில் இந்தப் படகில் முக்கால்வாசிப் பலகை மாற்றியாகிவிட்டது, எஞ்சின் இது மூன்றாவது, ஆனால் பதிவு எண் அதேதான், படகும் அதேதான் என்றார். எப்படி அதே படகு என்று கேட்டேன். குனிந்து, அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடுகிற ஏராக் கட்டையையும், அதிலிருந்து விலா மாதிரி எழும்புகிற வங்குகளையும் கையால் தடவினார். "ஏரா நிக்குதுல்ல. அதுல இருந்து கெளம்புற வங்கு நிக்குதுல்ல. மத்ததெல்லாம் மாத்திக்கலாம். ஏரா போச்சுன்னா நானே சொல்லிருவேன், உடைச்சிருங்கப்பான்னு." அந்தத் தீர்ப்பை வேறு யாரும் சொல்ல முடியாது, தட்டிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது, ஏனென்றால் நான் அந்த சர்வரைத் தட்டியே பார்க்கவில்லை. திறந்து பார்த்தேன், பாகங்கள் நன்றாக இருப்பதைக் கண்ணால் கண்டேன், அப்புறம் எங்கோ ஒரு வலைப்பக்கத்தில் இருந்த தேதியை நம்பி முடிந்தது என்று எழுதினேன்.

அன்றைக்கு ராத்திரியே எழுதி முடித்துவிட்டேன். சர்வரின் ஏரா மதர்போர்டும் சேஸிஸும், வங்கு அதன் இணைப்புத் தடங்கள், இவை நிற்கும்வரை ஆயுள் முடியவில்லை. நன்றாகத்தான் வந்திருந்தது. காலையில் எழுந்து படித்துப் பார்த்தபோது பொய்யாக இருந்தது.

படகின் ஏரா சித்தப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. சர்வருக்கு அப்படி இல்லை. போர்டின் சிப்களுக்குள் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள் இருக்கிறது, இயந்திரம் எழுந்திருப்பதே அதனால்தான். பிஎம்சி என்று ஒரு தனிச் சிப் உண்டு, பவர் பொத்தானை அணைத்து வைத்திருந்தாலும் வயரில் மின்சாரம் இருக்கிறவரை அது விழித்திருந்து வெளியே இருந்து வரும் கட்டளைக்குக் காத்திருக்கும். இதில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைப்பதற்கான திருத்தம் தயாரிப்பாளரிடமிருந்துதான் வர வேண்டும், அவருடைய டிஜிட்டல் கையெழுத்து இல்லாமல் இன்றைய போர்டுகளில் பெரும்பாலானவை வேறு எதையும் ஏற்காது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைகள் வெளியே தெரிந்தபோது பழைய சிப்கள் சிலவற்றுக்குத் திருத்தம் வரவே இல்லை, போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. எந்த ஓடாவி தட்டினாலும் அந்த உளுத்த சத்தம் கேட்காது. நோயாளிகளின் விவரம் இருக்கிற இயந்திரத்தை அடைக்க முடியாத ஓட்டையோடு நெட்டில் விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆகவே அன்றைக்கு நான் எழுதியது முழுத் தப்பும் இல்லை. பாகத்தின் நிலை, ஆதரவின் தேதி, இனி இதை வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்ற கேள்வி என்று மூன்று வெவ்வேறு விஷயத்தை ஒரு சொல்லுக்குள் திணித்து எழுதியதுதான் தப்பு.

ஐரோப்பிய விதிமுறை இந்த ஏராவைத் தொடுகிறது. ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகு குறைந்தது எட்டு வருடத்துக்கு ஃபர்ம்வேரின் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மற்ற ஃபர்ம்வேரும் அதே எட்டு வருடம், இலவசமாகவோ நியாயமான விலைக்கோ. இந்த இரண்டு வரிதான் முழு ஆவணத்திலும் எனக்கு முக்கியமான இடமாகப் படுகிறது. ஆற்றல் பற்றிய அட்டவணைகளைவிட முக்கியம். சும்மா பழுதுபார்க்கலாம் என்று எழுதி வைத்துவிட்டு ஃபர்ம்வேரை விட்டுவிட்ட தரம் எதுவாக இருந்தாலும், பலகையை மாற்றிக்கொள் என்று சொல்லி ஏராவைத் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்வது போன்றது. எட்டு வருடம் போதாது என்பது என் எண்ணம், பொது நிறுவனங்களில் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடுகிற இயந்திரங்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் ஒரு எண் இருப்பதே பெரிது.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் இதைப் படித்துவிட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டார். பழைய சர்வர் மின்சாரம் தின்னுமே, அதைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவதும் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல்தானே என்று. உண்மைதான், இடைவிடாமல் வேலை செய்கிற பெரிய மையத்தில் ஐந்தாறு பழைய இயந்திரத்தின் வேலையை ஒரு புதியது குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும், அங்கே மாற்றுவதே சரி. ஆனால் புதியதன் சிறப்பு தெரிவது வேலை நெருக்கும்போது. இருபது பேர் பதிவு போடுகிற மருத்துவமனையில் நெருக்குதல் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மிச்ச நேரமெல்லாம் ஆயத்தக் காத்திருப்பு. அங்கே ஒப்பிட வேண்டியது இரண்டு இயந்திரங்களும் காத்திருக்கும்போது எடுக்கிற வாட் எவ்வளவு என்பதை, கூடவே புதியதைச் செய்வதற்கு ஏற்கெனவே செலவான உலோகத்தையும் மின்சாரத்தையும். கமுதியில் 2016இல் இருந்து 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நிற்கிறது, அந்த மருத்துவமனைக்கு அப்படியொன்றும் தூரம் இல்லை. ஆனால் சர்வர் காத்திருப்பது ராத்திரியில், அப்போது சூரியன் இல்லை. கணக்கை ஊருக்கு ஊர் போட வேண்டும். நான் அந்தக் கணக்கைப் போடவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

மூன்று கட்டம்

நண்பருக்கு அனுப்பிய பட்டியலில் 'ஆயுள் முடிவு' என்ற சொல்லே இல்லை. அதன் இடத்தில் மூன்று பதிவுகள் எழுதினேன். 'பாக நிலை': எது நிற்கிறது, எது போனது, போனது பிரித்து மாட்டக்கூடியதா. 'காத்திருப்புச் செலவு': இந்த இடத்தில், இந்த வேலைக்கு, இது எடுக்கும் மின்சாரம், மாற்றினால் புதியது எடுக்கப்போவது. 'ஏரா': கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியினுடையது, யாரிடம் கிடைக்கும், எதுவரை. ஏரா என்றே எழுதினேன். மதுரைப் பிள்ளைகளுக்குத் தெரியாத சொல் என்று நண்பர் தயங்கினார், நான் விட்டுக்கொடுக்கவில்லை, சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு படகின் அடிப்பக்கப் படம் வைத்துக்கொள்ளச் சொன்னேன், சித்தப்பாவின் கை அதில் தெரியும்.

எங்கள் அலுவலகப் படிவத்தையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆனது, ஒப்புக்கொண்டார்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு விசைப்படகுகள் கிளம்பின. சித்தப்பா தட்டிக் காட்டிய படகும் போனது. அடுத்த வாரம் கீழக்கரையில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன், ஏழு வருடத்து சர்வர், விசிறி கத்துகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். புதுப் படிவம். முதல் கட்டத்தில் விசிறி ஒன்று, மெமரி இணைப்பு ஒன்றில் களிம்பு, மற்றது நலம் என்று எழுதினேன். இரண்டாவதற்கு ஒரு மின்மீட்டரை மாட்டி ராத்திரி முழுக்க ஓடவிட்டு, விடிந்ததும் போய் அளவு எடுத்தேன். மூன்றாவதற்குத் தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். இன்றோடு பத்தொன்பது நாள், பதில் வரவில்லை. அலுவலகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள், வைக்கவா எடுக்கவா என்று. விசிறியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தை வெறுமையாகவே வைத்திருக்கிறேன்.